ஒரு டீ குறைவு

ஐந்து மணிக்குச் சிவப்பு எச்சரிக்கை.
அதன்பின் சேன்தாந்த்ரேயில்
வாசலுக்கு வெளியே கால் வைத்தால் அபராதம்.
இந்தப் புயலுக்கு வைத்திருப்பது
என் பழைய மேலாளரின் பெயர்.
கத்துவதில் இரண்டு பேருமே குறை வைத்ததில்லை.

இணையம் ஆறரைக்குப் போனது.
மின்சாரம் ஏழு பத்துக்கு.
மடிக்கணினியில் எழுபத்தொரு சதவீதம்.

நேற்று பெட்ரோல் பங்கில்
மிக்காயேல் ஒரு பென்டிரைவைக் கையில் திணித்தான்.
“உன் கஷாலோ. உள்ளே போட்டு ஓட்டு.”
கஷாலோ என்றால் திமிங்கிலம்;
இங்கே கரும்பு லாரிக்கும் அதுதான் பெயர்.
ஆலை வாசலில் வரிசை நகராத நாட்களில்
என் வண்டியைப் பதினான்கு கோணத்தில் படம் பிடித்து
லாரி விளையாட்டுக்கு ஏற்ற தோலாக வெட்டியிருக்கிறான்:
பச்சைக் கதவு, துரு,
எடைமேடைத் தூணில் நான் இடித்த இடது மட்கார்டு.

போட்டேன்.
லாரி வந்தது, ரோஜா நிறத்தில்.
பூவில் இருக்கும் ரோஜா அல்ல,
“எனக்குத் தெரியாது” என்று கணினி சொல்லும் ரோஜா.
சக்கரம் ரோஜா, கண்ணாடி ரோஜா,
ஏற்றிய கரும்பும் ரோஜா.
பஞ்சுமிட்டாய்க் கம்பெனி வண்டி.

யாரைக் கேட்பது?
எங்கோ ஒரு கூரைத் தகரம்
கைதட்டிக்கொண்டே இருந்தது.

பிழைப்பதிவைத் திறந்தேன். நானூறு வரி.
எல்லாம் ஒரே புலம்பல்:
ஃபோல்டர் இல்லை, ஃபோல்டர் இல்லை.
இருக்கிறதே, இதோ, என் கண்முன்னால்,
‘டெக்ஸ்ச்சர்ஸ்’ என்று!
மூடித் திறந்தேன்.
பென்டிரைவைப் பிடுங்கி, ஊதி, செருகினேன்.
வைதும் பார்த்தேன்,
கிரியோலில் ஒருமுறை, தமிழில் ஒருமுறை.

நாற்பத்து நான்கு சதவீதத்தில்தான் கண்ணில் பட்டது:
அது தேடும் சொல்லில் ஒரு டீ குறைவு.
பிரெஞ்சிலும் இங்கிலீஷிலும் அந்தச் சொல்லுக்கு இரண்டு டீ.
தூக்கக் கலக்கத்தில் எவனோ
ஒரு டீயோடு நிறுத்திவிட்டான்.
அன்றிலிருந்து நிரல்
அந்த ஒற்றை டீக் கதவைத்தான் தட்டுகிறது.
மிக்காயேல் எழுத்துப்பிழை இல்லாமல் எழுதுகிறவன்.
அதுதான் கோளாறு.

புது ஃபோல்டர்.
பெயர் தப்பாக, அவர்கள் செய்த அதே தப்பாக.
விரல் கொஞ்சம் கூசியது.

எனக்கு இதில் முன்அனுபவம் உண்டு.
என் பெயர் ஜோஸ்லின் விங்கதாசலோம்.
வெங்கடாசலம் என்று ஒருவர் கப்பலைவிட்டு இறங்க,
காதில் விழுந்ததை எழுதிக்கொண்டார் ஒரு குமாஸ்தா.
அப்பா ஒருமுறை அதைத் திருத்தப் போனார்.
சன்னலுக்கு அப்பால் இருந்த பெண் நல்லவள்,
பொறுமையாகச் சொன்னாள்:
சரியாக எழுதினால், ஐயா,
உங்கள் ஓய்வூதியத்துக்கு உங்களைத் தெரியாது.
அப்பா திரும்பும் வழியில்
ஒரு கிலோ லிச்சி வாங்கி வந்தார்.
அவ்வளவுதான் அந்தக் கதை.

ஃபோல்டர் காலியாக, மஞ்சளாக நின்றது.
கோப்புகளை உள்ளே இழுத்துவிட்டேன்.
சக்கரம் கறுத்தது. கரும்புக்குக் கரும்பின் நிறம்.
கதவு மட்டும் இன்னும் ரோஜா.
உள்ளே இன்னொரு ஃபோல்டர் கேட்டது, கதவுகளுக்கென்று.
இதில் பிழை இல்லை;
நம்பாமல் இரண்டுமுறை எழுத்து எண்ணினேன்.
பச்சை வந்தது. துரு வந்தது.
மட்கார்டின் ஒடுக்கு வந்தபோது
மிக்காயேலுக்கு மறுபடி ஒரு வசவு.
அதை மட்டுமாவது மறைத்திருக்கலாம்.

பதினெட்டு சதவீதம்.
இந்த விளையாட்டில் எங்கள் தீவு இல்லை.
ஆகவே பன்னிரண்டு டன் கரும்போடு
பனி கொட்டும் ஏதோ ஒரு குளிர்நாட்டுச்
சுங்கச்சாவடியில் நிற்கிறேன்.
பின்னால் ஒருவன் ஹாரன் அடிக்கிறான்.

சமையலறைக் கதவுக்கு அடியில்
தண்ணீர் வந்துவிட்டது.
பழந்துணி எடுத்துப் போடவேண்டும்.

தடுப்பு உயரட்டும்,
போடுகிறேன்.