ஒண்டி

லாட்ஜ் பதிவேட்டில் ஐந்தாவது கட்டம்
உடன் வந்தோர்.
பேனாவை அதன்மேல் நிறுத்திக்கொண்டுதான்
எல்லாரையும் கேட்பேன்: ஒண்டியா?
வங்காளத்துக்காரர் ஒரு விரலைத் தூக்கி
ஏகா என்பார்.
ராஞ்சிக்காரர் அகேலா என்பார்.
நான் போடுவது எல்லாருக்கும் ஒரே கோடு.

என்னை இந்தத் தெருவில் ஒண்டிக்கட்டை என்கிறார்கள்.
முகத்துக்கு நேரே இல்லை,
தண்ணி கேன் பையனுக்கு வழி சொல்லும்போது:
"மொட்டமாடி ரூம்ல ஒரு ஒண்டிக்கட்டை கீதே, அதாண்ட குடு."
அது.
கட்டைக்கு ஏது ஆண்பால் பெண்பால்.

ஆள் வராத ராத்திரிகளில்
அந்தச் சொல்லை எடுத்து நறுக்கிப் பார்ப்பேன்,
இலவம்பாடி முள்ளுக்கத்திரியை நறுக்குவது போல,
குத்தும் இடம் தெரிந்து.
ஒன்று, ஒண்ணு, ஒண்டி.
இதுவரை சரி.
ஆனால் மழைக்கு ஒண்டுகிறோமே,
தெரியாத தோளோடு தோள் இடித்து
கடை ஓரத்தில் நனையாமல் நிற்கிறோமே,
அது எந்தக் கணக்கு?
கொசப்பேட்டையில்
எட்டுக் குடும்பம் ஒரு குழாயடியில்
அடித்துக்கொண்ட வீட்டுக்கு
ஒண்டிக்குடித்தனம் என்று பேர்.
அங்கேதான் பிறந்தேன்.
தனியாக மூச்சு விட்ட ஞாபகமே இல்லை.
சண்டை வந்தால் ஒண்டிக்கு ஒண்டி,
அதற்கும் ரெண்டு பேர் வேண்டும்.

இரண்டுக்கும் வேர் வேறு என்று
அகராதி சொல்லலாம்.
சொல்லட்டும்.
ஒரே வாயில்தானே வருகின்றன.

சித்திரை.
பாலாற்று மணலின் சூடு பாலம் ஏறி
காந்தி ரோடு வரைக்கும் வந்த மத்தியானம்.
பலமநேர் பக்கத்து அம்மா, பேர் ரெட்டெம்மா,
மஞ்சள் பை, ஸ்கேன் கவர்.
ஒண்டியா?
"ஒண்ட்டிகானே ஒச்சினானம்மா."
எங்கள் சொல்தான்,
கொஞ்சம் அழுத்தி.
அல்லது அவர்களுடையதை வாங்கிவந்து
நாங்கள்தான் திருப்பித் தரவில்லையோ.

உடம்புக்கு என்ன என்றேன்.
"ஒண்ட்டி நொப்புலு."
தனிமை வலிகள்.
பேனா நின்றுவிட்டது.
இருபத்தாறு வருஷமாக இந்த மேஜையில் ஒருத்தரும்
நோயை இவ்வளவு நேராகச் சொன்னதில்லை.
எனக்கும் அதுதான் என்று சொல்ல
வாயெடுத்தேன்.

ரூம்பாய் முனிரத்தினம் சிரித்துவிட்டான்.
அவனுக்கு அம்மா வழி சித்தூர்.
"அய்ய, அது மேல்வலிக்கா.
தெலுங்குல ஒள்ளுன்னா உடம்பு.
ஒண்ட்டி நொப்பின்னா
உடம்பு நோவுது, அவ்ளோதான்."

உடம்பு.
சரிதான்.
கூடுதல் கட்டில் போட முடியாத ரூம்.

மறுநாள்
கூட ஆள் இல்லாமல் சேர்க்க முடியாது
என்றுவிட்டார்களாம் ஆஸ்பத்திரியில்.
திரும்பி வந்தாள்.
ஒன்றும் கேட்கவில்லை.
வாசல் வெயிலுக்கு ஒதுங்கி
என் மேஜையோரம் கொஞ்சம்
ஒண்டி நின்றாள்.

சாவிக்கொத்தை முனிரத்தினத்திடம் கொடுத்தேன்.

படிவத்தில் உடன் இருப்பவர்:
ஆ. தேவசுந்தரி, வயது 54.
"உறவு இன்னா போடட்டும்?" என்றாள் குமாஸ்தாப் பெண்.
எனக்குத் தெரிந்த ஒரே சொல்லை எழுதினால்
படிவம் செல்லாது.
அக்கா என்றேன்.
யாருக்கு யார் என்று அவள் கேட்கவில்லை,
வரிசை நீளம்.

ராத்திரி வராந்தாவில் பாய் விரித்தோம்,
நானும் இன்னும் பதினாலு பேரும்.
யாரோ ஒருத்தரின் டிபன் கேரியர்
என் தலைமாட்டில்.
எட்டுக் குடும்பத்துக் குறட்டை.
நன்றாகத் தூங்கினேன் என்று சொல்லமாட்டேன்.

பதிவேட்டில் ரெட்டெம்மா பேருக்கு நேரே
நான் போட்ட கோடு அப்படியே இருக்கிறது.
அடித்துத் திருத்தினால்
முதலாளி கேள்வி கேட்பார்.