ஆறு தட்டில் இரண்டு

மூன்று மணிக்கே இருட்டிவிட்டது குவோப்பியோவில்.
உறைந்த ஏரிமேல் ஒரு கார் போகிறது,
அடியில் தண்ணீர் என்ற நினைப்பே இல்லாமல்.
நான் மேசையை மூன்றாம் முறை துடைக்கிறேன்.

முதலில் விரிப்பு.
இஸ்திரி போட்டும் நடுவில் ஒரு மடிப்பு அடங்கவில்லை,
அதன்மேல் மெழுகுவத்தித் தண்டை நிறுத்தினேன்.
ஒளிக்கவும் ஒளிரவும் ஒரே தண்டு.

பிறகு தட்டுகள்.
நவம்பரில் பழைய சாமான் கடையில் வாங்கியவை.
ஆறு குழித்தட்டுகள்; நீல விளிம்பு, விளிம்பைச் சுற்றி ஓட்ஸ் கதிர்.
ஐம்பதுகளில் செய்த பீங்கான் என்றாள் கடைக்காரி.
நாற்பது யூரோ என்றாள்.
நான் பேரம் பேசவில்லை.
இந்த மாதிரிக் காரியத்துக்கு வாங்கும்போது பேரம் ஆகாது என்று
யாரோ சொன்னதாக ஞாபகம்.
யாரும் சொல்லவில்லையோ என்னவோ.

ஆறில் இரண்டைத் தேர்ந்தெடுக்கப் பாதி மத்தியானம் போயிற்று.
விரலால் சுண்டிப் பார்த்தேன்.
நல்லது மணியாகச் சொல்கிறது.
மயிரிழை விரிசல் விட்ட ஒன்று, தொண்டை கட்டினவன்போல.
ஐம்பத்தாறு வயதில் என்னைச் சுண்டினால்
என்ன சத்தம் வரும், தெரியவில்லை.
விரிசல் தட்டை அலமாரிக்குள் வைத்தேன்.

ஹில்க்காவை எனக்குக் குரலாகத்தான் பழக்கம்.
நான் நகராட்சி ரேடியோ முன்னால்,
அவள் பனி தள்ளும் வண்டியில், எண் பதினான்கு.
நாலு குளிர்காலம்.
"பதினான்கு, ஆஸ்பத்திரிச் சாலை."
"ஆகட்டும்."
"பதினான்கு, பள்ளிக்கூட மேடு."
"முடிந்தது. நீங்கள் ஏதாவது சாப்பிட்டீர்களா?"
அந்தக் கேள்விக்கு விதிப்புத்தகத்தில் பதில் இல்லை.
அதனால்தான் இந்த மேசை.

கரண்டி வலப்பக்கம். கத்தி உள்முகமாக.
ஸ்ப்ரூஸ் கொப்பு ஒன்று ஒடித்து வந்து வைத்தேன்;
அறைச் சூட்டில் அதன் பனி உருகி
விரிப்பில் சொட்டியது.
அடுப்பில் சாமன் சூப்பு.
சதகுப்பைக் கீரை கடைசியில், அவள் வந்தபிறகு.

ஆறு மணிக்குப் பனி கொட்டத் தொடங்கியது.
ஆறரைக்குச் செய்தி:
"கூப்பிட்டுவிட்டார்கள். எல்லா வண்டியும்."
இன்றிரவு ரேடியோவில் இருப்பவன் சின்னப் பையன்.
அவளுடைய ஒவ்வொரு "ஆகட்டும்"மும் அவனுக்கு.
பொறாமையாக இருந்தது. வெட்கமாகவும்.

மெழுகுவத்தியை அணைத்தேன். ஏற்றினேன். அணைத்தேன்.

பன்னிரண்டேகாலுக்குத் தெருவில் இரும்பு உரசும் சத்தம்.
எங்கள் தெரு அவள் பாதையில் இல்லை;
பாதை போட்டவன் நான், எனக்குத் தெரியாதா?
மஞ்சள் விளக்கு சுழன்று சுவரில் ஒரு தடவை,
தட்டில் ஒரு தடவை.

வாசலில் பூட்ஸைக் கழற்றினாள். கம்பளிக் காலுறையில் ஓட்டை.
மேசையைப் பார்த்தாள், உட்காரவில்லை.
ஒரு தட்டை எடுத்துக் கவிழ்த்தாள்.
அடியில், முத்திரைக்குப் பக்கத்தில், ஒரு சிவப்புப் புள்ளி.
"நகப்பூச்சு. நான் வைத்தது" என்றாள்.
"சர்ச் விருந்துக்கு இரவல் போனால்
அடுத்த வீட்டுத் தட்டோடு கலந்துவிடுமே.
கல்யாணத் தட்டு. பன்னிரண்டு இருந்தது.
ரெய்யோ போனபோது அவனுக்கு ஆறு.
என் ஆறை, போன வசந்தத்தில்தான், பெட்டியோடு கடையில்..."

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.
வேறு தட்டு எடுக்கிறேன் என்றேன்.
பிளாஸ்டிக்கில் இருக்கிறது என்றேன்.
அந்த இரவுக்காக நான் ஒத்திகை பார்த்த வசனம்
அது இல்லை.

அவள் சிரித்தாள்.
இரைச்சல் கலக்காமல் அந்தச் சிரிப்பை
முதல்முறை கேட்கிறேன்.
"எவ்வளவு கொடுத்தீர்கள்?"
"நாற்பது."
"எனக்கு எட்டுதான் கொடுத்தாள் அந்தக் கிராதகி."

சூப்பைச் சுடவைத்தேன்.
அலமாரியைத் திறந்து விரிசல் தட்டை அவளே எடுத்துவந்தாள்.
"இது ரெய்யோ இல்லை. நான்தான்" என்றாள்,
மேற்கொண்டு சொல்லவில்லை.
கம்பு ரொட்டியை அதில் அடுக்கினாள்.

இரண்டாம் வாய்க்கு அவள் இடுப்பில் ரேடியோ கரகரத்தது:
"பதினான்கு, எங்கே இருக்கிறீர்கள்? பதினான்கு?"
வாய் நிறைய மீன்.
என்னிடம் நீட்டினாள்.
பழகின விரல், பொத்தானை அழுத்தியது.

"பதினான்கு சாப்பிடுகிறது" என்றேன்.