மேகம் பன்னிரண்டு சதவீதம்

"எங்கேம்மா வேலை?" என்றார் துளசிங்கம்,
அட்வான்ஸை எண்ணிக்கொண்டே.
மேகத்தில், என்றேன்.
"கரண்ட் பில் தனி" என்றார்.

சத்துவாச்சாரி ஹவுசிங் போர்டு,
மொட்டைமாடியில் ஒற்றை அறை.
அக்கினி நட்சத்திரம் பத்தாம் நாள்.
ராத்திரி இரண்டரைக்கும்
இட்லிப் பானை மாதிரி ஆவி விடுகிறது சுவர்.

என் செயற்கைக்கோள்
(என்னுடையது என்றால், ஷிப்ட் முடியும்வரை)
ஆம்பூரில் ஒரு ஜோடி பூட்ஸை வைத்து மூடும்
அட்டைப்பெட்டி அளவுதான்.
அதற்குச் சொந்தமாக ஆன்டெனா கிடையாது,
எங்கள் கம்பெனிக்குச் சொந்தமாக ஒரு சர்வர் கிடையாது,
எனக்கு வீடு கிடையாது.
மூவரும் வாடகையில் ஓடுகிறோம்.
வடதுருவத்தருகே பனியில் நிற்கும் தட்டுக்கு
நிமிடக் கணக்கு.
எந்தக் கடலோரமோ தெரியாத கிடங்கில்
வரிசை வரிசையாக முனகும் எந்திரங்களுக்கு
நொடிக் கணக்கு.
அதைத்தான் மேகம் என்கிறார்கள்.
ஒரு மேகத்துக்கு எத்தனை ஏசி!

2:41.
பனித்தட்டின் தொடுவானத்தில் பெட்டி எழுகிறது.
ஒன்பது நிமிடம் பேசும், பிறகு இறங்கிவிடும்.
மேல்விஷாரத்திலிருந்து பர்ஹானா போனில்:
"பேட்டரியப் பாருடி, ஏழு புள்ளி ஒண்ணு."
பார்த்தேன். இறங்கிக்கொண்டிருந்தது.
கேமராவின் ஹீட்டரை அணைக்க வேண்டும்,
ஒரே ஒரு வரிக் கட்டளை.
பாதி அடித்திருப்பேன்,

கரண்ட் போனது.

பேன் கடைசிச் சுற்றைச் சுற்றி நின்றது.
மோடத்தின் பச்சைப் புள்ளிகள் ஒவ்வொன்றாய்ச் செத்தன.
போனில் ஒரே ஒரு கோடு சிக்னல்,
அதுவும் மாடிப் படிக்கட்டில் நின்றால்தான்.
லேப்டாப்பை இடுப்புக் குழந்தைபோல் ஏந்தி
படியில் நின்றேன்.
காட்பாடியில் ஏதோ ரயில் நீளமாகக் கூவிற்று.

மீண்டும் தொடர்பு கிடைத்தபோது 2:53.
பெட்டி போய்விட்டிருந்தது.
பதிவேட்டில் மட்டும் ஒரு வரி:
ஹீட்டர் அணைக்கப்பட்டது, 2:46.
போன மாதம் நாங்களே எழுதி வைத்த நிபந்தனை,
ஏழுக்குக் கீழே போனால் இதைச் செய் என்று.
நான் இருட்டில் நின்ற நேரம்
மேகம் என் கையெழுத்தைப் போட்டுவிட்டது.
செய்தவர் என்ற இடத்தில் என் பெயர்.
பர்ஹானா சிரித்தாள்.
எனக்குச் சிரிப்பு வரச் சற்று நேரமாயிற்று.

ராஜா இல்லாத கோட்டை, தண்ணி இல்லாத ஆறு என்று
எங்கள் ஊருக்குப் பழைய பட்டியல் ஒன்று உண்டு.
அவள் புதிதாக ஒன்று சேர்த்தாள்:
மழை இல்லாத மேகம்.

மூன்றரைக்குப் படங்கள் விரிந்தன.
நேற்றுக் காலை பத்தே காலுக்கு எடுத்தவை.
பாலாறு,
பிரித்துப்போட்ட தையல்போல வெளிறிக் கிடந்தது.
ஜவ்வாது மலைக்கு வடக்கே
நகரத்தைத் தொட்டும் தொடாமலும்
ஒரு மேகம்.
நிஜ மேகம்.
மாம்பழ இன்சூரன்ஸ்காரர்களுக்கு
பத்து சதவீதத்துக்கு மேல் மேகம் ஆகாது.
மென்பொருள் அதற்கு ரோஸ் வண்ணம் பூசி
அளந்து சொன்னது: பன்னிரண்டு. கழிவு.

நேற்று பத்தே காலுக்கு
ஜன்னலில் பெட்ஷீட் கட்டித் தூங்கிக்கொண்டிருந்தேன்.
என் தலைக்குமேல் ஒரு நிழல் நடந்து போயிருக்கிறது,
சத்தியமாக எனக்குத் தெரியாது.
இந்நேரம் அது சித்தூர்ப் பக்கம்
யாருடைய மாங்காயையோ நனைத்து முடித்திருக்கும்.

அழிக்கவா, என்று திரை கேட்டது.
வைத்திரு, என்றேன்.
சேமிப்புக் கட்டணம்
மாதத்துக்கு ஒரு ரூபாய்கூட வராது.
கேட்டால் என் பெயரில் எழுதிக்கொள்ளட்டும்.

ஐந்து மணிக்குக் கரண்ட் வந்தது.
கீழிருந்து துளசிங்கம்:
"மோட்டாரைப் போடும்மா, வருதான்னு பார்ப்போம்."
போட்டேன்.
சற்று நேரம் காற்றைத்தான் இழுத்தது.