இலக்கம் நாற்பத்தேழு

மூன்று நாள் என் குரலைப் பதிந்தார்கள்.
களஞ்சிய அறையில், மின்விசிறியை நிறுத்தி,
ஜன்னலுக்கு மெத்தை சாத்தி,
ஒன்றிலிருந்து முந்நூறு வரை.
"கொஞ்சம் சிரிச்சி சொல்லுங்க மிஸ்"
என்றான் கொழும்பிலிருந்து வந்த நிபுன்,
அவனுக்குத் தெரிந்த தமிழில்.
நூற்றுப் பதினேழில் எனக்குத் தும்மல் வந்தது.
வெட்டி எறிந்துவிட்டான்.

இப்போது கண் கிளினிக்கில்
திங்களும் வியாழனும் நான் இரண்டு பேர்.
ஒருத்தி கூரையில்.
களைப்பதில்லை, தேநீர் கேட்பதில்லை, யாரையும் ஏசுவதில்லை.
மற்றவள் கீழே, கொப்பிகளோடு,
புடைத்த கால் நரம்புகளோடு.

முன்பெல்லாம் நன்றாயிருந்தது என்று
நான் சொல்லமாட்டேன்.
மூதூரிலிருந்து நாலு மணிக்கே வெளிக்கிட்டு வந்தவர்களை
ஆளைத் தெரிந்தவர்கள் முந்திப்போன கூடம் இது.
நானும் இரண்டொருவரை முந்தவிட்டிருக்கிறேன்.
கூரைக்காரிக்கு மச்சான் மச்சாள் கிடையாது.

கண்ணின் அடியைப் படமெடுக்கும் பெட்டியும் அப்படித்தான்.
கிண்ணியா ஹிதாயத்தும்மாவின் வலக்கண்ணில்
சீனி வருத்தம் கசியவிட்ட இரத்தப் புள்ளியை,
மிளகாய் விதையளவு,
அறுபதாவது நோயாளியோடு கண் சிவந்திருந்த டாக்டருக்கு முன்னம்
அதுதான் கண்டது.
அவ பெட்டியைத் தடவி
"அல்லா பரக்கத் செய்யட்டும்" என்றா.
பெட்டிக்கா, டாக்டருக்கா என்றேன்.
"ஆருக்கெண்டாலும்."

நேற்று
இலக்கம் நாற்பத்தேழு.
இலக்கம் நாற்பத்தேழு.
இலக்கம் நாற்பத்தேழு.
இடையிடையே எட்டு செக்கன்.
பிறகு திரையில் சிவப்பில்: சமூகமளிக்கவில்லை.
நாற்பத்தெட்டு எழும்பிப் போனார்.

பாலையூற்று வஸ்தியாம்பிள்ளை
சமூகமளித்துத்தான் இருந்தார்.
மூன்றாம் வாங்கில், எனக்கு நேர் எதிரே.
இருபது வயதில், புறாமலைக்கு அப்பால்,
கையிலிருந்த டைனமைட் ஒரு நொடி முந்திவிட்டது.
அன்றிலிருந்து காதுக்குள் கடல் மட்டும்தான்.
இடக்கையில் இரண்டு விரல்.
அந்த இரண்டுக்கும் நடுவே செருகியிருந்த துண்டை
வாசலால் வந்த மான் பாதி தின்றுவிட்டது.
(எங்கள் ஊரில் மான்கள் ஆஸ்பத்திரிக்கும் வரும்.)
மிச்சத்தில் ஒரு நாலு மட்டும் இருந்தது.
திரையைப் பார்த்திருக்கலாமே என்பீர்கள்.
அவர் வந்ததே கண்ணுக்கு.

என் குரல்தான் அவரைக் கூப்பிட்டது.
நான் ஆறடி தள்ளியிருந்து
துளிமருந்துப் போத்தல்களுக்குக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன்.
கூப்பிட்டாயிற்று என்று
என் தலை, என்னைக் கேளாமலே, முடிவெடுத்திருந்தது.
அதுதான் இன்னும் சுடுகிறது.

பன்னிரண்டரைக்கு
வாங்குகள் காலியான பிறகு கண்டேன்.
கூப்பிடவில்லை. போய்த் தோளில் கை வைத்தேன்.
சட்டையில் உப்பு காய்ந்து மொரமொரத்தது.
திரும்பி, என் முகத்தை விட்டுவிட்டு
வாயைப் பார்த்தார்.
சத்தமில்லாமல், பெரிதாக,
வாங்கோ என்று உதட்டை அசைத்தேன்.
"முடிஞ்சுதோ?" என்றார்,
கூடமே திரும்பிப் பார்க்கும் குரலில்.
கூடத்தில்தான் ஒருவரும் இல்லையே.
டாக்டர் கழற்றிய கோட்டைத் திரும்பப் போட்டார்.
பெட்டியையும் மறுபடி ஏற்றினோம்.

பின்னேரம் நிபுனுக்குப் போன் எடுத்தேன்.
வராதவரை அழிக்கமுன்
எனக்கு ஒரு மணியடிக்கச் செய்யலாமா?
நான் எழும்பிப் போய்ப் பார்த்துவிட்டு வர?
"செய்யலாம் மிஸ். ஆனா சராசரி நேரம் கூடும்.
மாத அறிக்கையில சிவப்பா வரும்."
எவ்வளவு கூடும்?
விசைகளைத் தட்டும் சத்தம் கேட்டது.
"ஆளுக்குப் பதினொரு செக்கன்."

பதினொரு செக்கன்.
அன்றைக்குத் தும்மி, மூக்கைத் துடைத்து,
உன்னிடம் மன்னிப்புக் கேட்க
எனக்கு அவ்வளவுதான் பிடித்திருக்கும்.
வெட்டினாயே தம்பி,
அதைத் திருப்பிப் போடு என்றேன்.

"எதை மிஸ்?" என்றான்.