பத்தாவது கூடு

படிவத்தில் பத்தாவது கூடு
ஒரு விரல் நீளம்.
இறப்புக்கான காரணம் என்று மேலே,
மும்மொழியிலும்.

நான் காக்கைதீவில் இறங்கியபோது மணி நாலே முக்கால்.
ஆற்று வாயை மணல்மேடு பாதிக்கு மேல் அடைத்திருந்தது.
அந்தப் பக்கம் கடல், உள்ளே வர வழியில்லாமல்.
இந்தப் பக்கம் மணலைகள்
வாயை மட்டும் மேலே வைத்துக்
காற்றைக் குடித்துக்கொண்டிருந்தன.
ஈரத்தாளை மெதுவாகக் கிழிப்பதுபோல் ஒரு சத்தம்
ஆறு முழுக்க.
விடிந்தபோது சத்தமில்லை.

கிறேஷன் வள்ளத்தை விட்டு இறங்கவில்லை.
"நஞ்சு, மிஸ். கம்பனிக்காரன்
ராவோட ராவா தொறந்து வுட்டுட்டான்."
கம்பனிக்காரன் போனில் சொன்னான்: மழை.
மூன்று மாதம் வராதது ஒரே இரவில் வந்து
நகரத்தின் கான்களையெல்லாம் வழித்து இறக்கினால்
நாங்கள் என்ன செய்ய?
மாநகர சபையில் ஒருவர்: வெயில்.
துஷ்யந்த சேர் சொன்னது ஒரே சொல்:
ஸ்வாபாவிக.
என் காதில் அது சுபாவம் என்று விழுந்தது.
யாருடைய சுபாவம் என்று கேட்கவில்லை.

குமிழி நுழையாமல் போத்தலை நிரப்பினேன்.
இரண்டு மருந்து, சொட்டுச் சொட்டாக.
தண்ணீருக்குள் மூச்சு இருந்தால் பழுப்பாகும்,
பிளேன்டீ நிறத்துக்கு.
குலுக்கினேன். காத்திருந்தேன்.
வெள்ளை.
இன்னொரு போத்தல்.
வெள்ளை.

ஜெஸீமாவின் மகன் பெட்டியோடு வந்து நின்றான்.
"அள்ளலாமா?"
வேண்டாம்.
"செவுள் செவப்பாத்தானே கெடக்கு."
வேண்டாம் தம்பி, எதனால் செத்தது என்றே தெரியாது.
"சந்தையில யாரு காரணம் கேக்குறாங்க?"
அவன் குனிந்து அள்ளத் தொடங்கினான்.
எனக்குத் தடுக்கும் அதிகாரம் இல்லை,
அளக்கும் அதிகாரம் மட்டும்.

மட்டக்குளியில், வீட்டில்,
மணம் போக மூன்று தரம் சோப்புப் போட்டேன்.
நுரை பின்வளவுக் கானில் இறங்கியது.
அது எங்கே போய்ச் சேரும் என்று எனக்குத் தெரியும்.
சம்பளமே அதற்குத்தான்.

இரவு படிவத்தை எடுத்தேன்.
ஒட்சிசன் இல்லை என்று எழுதி
வெட்டினேன்.
அது காரணமல்ல, அதுதான் சாவு.
பிறகு எழுத்தைப் பொடியாக்கி
மணல்மேடு, வெயில், மழை, கம்பனிக் குழாய்,
பிறகு எங்கள் கான்
என்று எழுதிக்கொண்டே போக
கூட்டைத் தாண்டி, ஓரத்தில் ஏறி,
தாளின் பின்பக்கத்துக்குப் போய்விட்டது.

கந்தோரில் முன்பக்கத்தை மட்டும்தான்
ஸ்கேன் பண்ணுவார்கள்.