மொழிபெயர்ப்பாளர் விளக்கம் கோருகிறார்

பிராம்டன் நீதிமன்றம், இரண்டாம் மாடி.
கூட்டாமல் குறைக்காமல் சொல்வேன் என்று
எட்டு வருடமாகச் சத்தியம் செய்கிறேன்.
கீழே கோப்பிக் கடைப் பெண்
"வழமையானதுதானே?" என்பாள்.
ஓம் என்பேன்.
அதற்கு எவரும் சத்தியம் கேட்பதில்லை.

இன்று இரத்தினகோபன், வயது ஐம்பத்திரண்டு,
பாண் லொறி ஓட்டுபவர்.
மாசி மாதம், விடிய ஐந்தே முக்கால்,
கண்ணுக்குத் தெரியாத கறுப்புப் பனி.
தெற்கே போயிருக்க வேண்டிய ஒரு வாத்து
போகாமல் இருந்து தெருவைக் கடந்திருக்கிறது.
லொறி பஸ் தரிப்பிடத்துக்குள் ஏறி
கண்ணாடியையும்
ஒரு மனிதரின் முழங்காலையும் நொறுக்கியது.

(நொறுக்கியது லொறி. கவனியுங்கள்,
நானே ஒரு பக்கம் சாய்ந்துவிட்டேன்.)

அரச வழக்கறிஞர் எழுந்து சொன்னதை
அவர் காதுக்குள் தமிழில் ஊதினேன்:
"நீங்கள் விதியை மீறினீர்களாம்."
வீதி விதி. வேறு சொல் வாயில் வரவில்லை.
முதல் தடவையாகச் சிரித்தார்.
"விதியை மீற ஏலுமெண்டா பிள்ளை,
நான் ஏன் இஞ்ச நிக்கிறன்?"
கேட்டதையெல்லாம் சொல்லவேண்டும் என்பது சட்டம்.
சொன்னேன்.
ஆங்கிலத்தில் அது பகிடியாக இல்லை.

பிறகு அவருடைய வழக்கறிஞர்:
பதினாலு மணித்தியால வேலை,
உப்புப் போடாத மாநகரசபை,
தேய்ந்த டயர், அதை மாற்றாத முதலாளி,
முதலாளியின் கழுத்தில் வங்கி.
இன்னும் கொஞ்சம் பின்னுக்குப் போக விட்டிருந்தால்
கடைசிப் பனியுகத்தையும்
சாட்சிக் கூண்டில் ஏற்றியிருப்பார்.
அத்தனை காரணங்களுக்கு நடுவே
ஒரு மனிதர் உட்கார இடம் இருக்கவில்லை.

அரச தரப்பு: முன்னால் போன இன்னொரு லொறி
அதே வாத்துக்கு பிரேக் போட்டு நின்றது.
அவ்வளவுதான். அமர்ந்தார்.

முழங்கால் போன போலந்துக்காரரும் வந்திருந்தார்.
கையுறையை மறந்து,
எடுக்க வீட்டுக்குத் திரும்பியதால்
முந்திய பஸ்ஸை விட்டாராம்.
"திரும்பினாராம்" என்று நான் சொன்னபோது
இரத்தினகோபன் நிமிர்ந்து அந்த மனிதரைப் பார்த்தார்.

கேள்வி: ஸ்டியரிங் ஏன் அந்தப் பக்கம் போனது?
பதில், ஒலிவாங்கிக்கு எட்டாத முணுமுணுப்பு:
"திரு... ஆச்சு."

திரும்பியாச்சா, திருப்பியாச்சா?
இரண்டுக்கும் உதடு மூடவேண்டும்.
மூச்சு மூக்கால் கசிந்தால் நடந்தது;
வழியின்றி அடைபட்டு வெடித்தால் செய்தது.
உடைந்தது, உடைத்தது. கவிழ்ந்தது, கவிழ்த்தது.
எங்கள் மொழியில் ஒருவனின் குற்றம்
ஒரு மெல்லினம் இறுகுவதில் இருக்கிறது.
அதற்கு மேல் இந்த "ஆச்சு",
ஆளே இல்லாமல் நிற்கும்.
ஆங்கிலத்திலோ முன்னால் ஒருவரை நிறுத்தாமல்
அந்த வினை அசையாது.

எழுந்தேன். என்னைப் பற்றி நானே
மூன்றாம் ஆளாகச் சொல்வது இங்கே வழக்கம்:
"மொழிபெயர்ப்பாளர் விளக்கம் கோருகிறார்."
அனுமதி.
"திரும்பினதோ, திருப்பினீங்களோ?"

தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்,
யாரோ மேசையில் விட்டுப்போன பொருளைப் போல.
"அந்த அரைச் செக்கனில நான் அங்க இல்லைப் பிள்ளை.
கை இருந்தது.
நான் வந்து சேர முதல் எல்லாம் முடிஞ்சுது.
ஆனா கை என்ரதானே."

நீதிபதி எழுதினார், எழுதிக்கொண்டே இருந்தார்.
நான் சொன்ன ஆங்கிலம் பதிவில் இருக்கிறது.
நல்ல வாக்கியம் என்றார் வழக்கறிஞர்.
நான் தேடவில்லை, வந்தது என்றேன்.
என்றேன்?

தண்டம். ஆறு மாதம் உரிமம் இல்லை.
மாலை, தரிப்பிடத்தில்
என் காருக்கு முன்னால் ஒரு வாத்து.
ஹோர்ன் அடித்தேன். கழுத்தைத் திருப்பியது.
எஞ்சினை நிறுத்திவிட்டு இருந்தேன்,
போவதாக அது முடிவெடுக்கும் வரை
அல்லது குளிர் அதைக் கிளப்பும் வரை.
எது முந்துகிறது என்று பார்க்கலாம்.
ஐந்தே முக்கால் ஆனது.
எவரும் நகரவில்லை.