முழங்கை பட்ட இடம்

நீளம் ஓர் அடிமட்டம்.
ஐம்பத்திரண்டாம் ஆண்டு ஹம்பர் புல்மன்,
பதினெட்டில் ஒன்றாக.
செய்யச் சொன்ன தவநேசன்
பேர்ண் நகரத்தில் பஸ் ஓட்டுகிறார்.
அனுப்பியது ஒரேயொரு படம்:
பரந்தன் அரிசி ஆலை வாசலில்
மாலை போட்ட மாப்பிள்ளை, பின்னால் கார்,
அதன் இடப்பக்கம் மட்டும்.

நான் கிளிநொச்சியில் பல் கட்டுகிறவள்.
எட்டிலிருந்து நாலுவரை
ஊர் வாய்க்கெல்லாம் அச்செடுப்பேன்.
நாலுக்குப் பிறகு
அதே மெழுகு, அதே சூளை,
அதே கோபால்ற் குரோம், இந்தக் காருக்கு.
முன் கிறிலைப் பார்த்துப்
பல்வரிசை மாதிரி என்று
தயவுசெய்து ஒருவரும் சொல்லவேண்டாம்.

உடம்பு, கட்டுப்பல்லின் இளஞ்சிவப்பு அக்ரிலிக்;
மேலே ஒன்பது பூச்சுக் கறுப்பு.
டாஷ்போட், முதிரைச் சீவல்.
சீற்றுக்கு என் பழைய மணிபேர்ஸை
வெங்காயத் தோலளவுக்குச் சுரண்டியதில்
ஒரு ஞாயிற்றுக்கிழமையும்
கொஞ்சம் விரல்நுனியும் போயின.
இங்கே டயரில் செருப்பு வெட்டிய காலம் உண்டு.
நான் செருப்பில் டயர் வெட்டினேன்,
ஸ்பெயாரோடு ஐந்து.

சாரதிக்கும் பின்சீற்றுக்கும் நடுவில் ஒரு கண்ணாடி.
பின்னால் பேசுவது முன்னால் கேளாதிருக்க.
அது ஏறி இறங்கவேண்டும் என்று
தலைமயிர் அகலத்தில் தவாளிப்பு அறுத்தேன்.

வலப்பக்கத்துக்கு வந்தபோது வேலை நின்றது.
ஆலையில் நெல்லுத் தூக்கிய இருவரைக் கேட்டேன்.
ஒருவர் வெள்ளைக்கோடு ஓடியது என்றார்.
மற்றவர், அது காரே இல்லை, வான் என்றார்.

தொலைபேசியில் கேட்டேன்:
மாப்பிள்ளைதான் உங்கட அப்பாவோ?

இல்லை, என்றார்.
அப்பாவும் அந்தப் படத்தில்தான் இருக்கிறார்.
காருக்குள்ள, வலப்பக்கம்.
ஸ்டேரிங்கைப் பிடித்தபடி,
படம் எடுத்து முடியட்டும் என்று.

ஆலைக்காரர் கொழும்புக்குப் போனார்.
திறப்பு அப்பாவிடம் இருந்தது.
ஊசியால் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டுக் கிளப்பி
மண்ணெண்ணெயில் ஓட்டினார்.
நெல்லு மூட்டை. பிள்ளைப்பேற்றுக்காரர். ஒருதரம் ஒரு கன்றுக்குட்டி.
தருமபுரம், விசுவமடு,
பிறகு...
அந்த இடத்தின் பெயரை அவர் சொல்லவில்லை.
எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரியும்.

வலக்கதவில், என்றார்,
ஜன்னலுக்குக் கீழே பெயின்ற் தேய்ந்து
தகரம் தெரியும்.
முழங்கை வைத்து வைத்து.
முறிகண்டியில் கச்சான் வாங்கும்போதும்
அந்தக் கையை எடுக்கமாட்டார், மற்றக் கையைத்தான் நீட்டுவார்.

மேசை விளிம்பில் என் முழங்கையை வைத்து
அளந்து, பதினெட்டால் வகுத்தேன்.
ஓர் உழுந்து.
வட்டமாயும் இராது;
வளைவுகளில் கை பின்னுக்கு வழுக்கியிருக்கும்.

மூன்று மாதம் மினுக்கிய கதவை
பியூமிஸ் தூளால் தேய்க்கத் தொடங்கினேன்.
ஒன்பதாவது கறுப்பும் போனதும்
வந்தது தகரம் இல்லை.
முரசின் நிறம்.
தோல் உரிந்தமாதிரி.
கையைக் கழுவிவிட்டு வந்து திரும்பவும் பார்த்தேன்.

விட்டுவிட மனமிருந்தது.
ஆனால் அவர் கேட்டது தகரம்.
தோண்டி, குரோமில் ஓர் உழுந்து பதித்து,
மறுபடி ஒன்பது பூச்சு,
மறுபடி தேய்ப்பு.

தபால் கந்தோரில் சுகிர்தா பெட்டியைத் திறந்தாள்.
ஸ்டேரிங் திரும்புகிறதா என்று பார்த்தாள்.
கண்ணாடியை ஏற்றி இறக்கினாள், இரண்டுதரம்.
பிறகு வலக்கதவை வெளிச்சத்தில் பிடித்து,
அக்கா, இதில பெயின்ற் போயிருக்கு,
பிறகு எங்களில பிழை சொல்லப்படாது, என்று
படிவத்தில் எழுதினாள்:
சிறு பழுது உண்டு.

கீழே கையெழுத்துப் போட்டேன்.